கடுவனுக்கு வாங்கிய தீவனம்

விசைத்தறி ஓடுகிற வீதியில் கதை சொல்வதென்றால் தொண்டையைத் திறந்துதான் சொல்ல வேண்டும், கேட்கிறவர்களும் காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் காவிரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் பிள்ளை பிறப்பதும் பெரியவர் போவதும் பெண் பார்ப்பதும் சண்டை பிடிப்பதும் எல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவில்தான் நடக்கும். தறி நின்றால்தான் ஐயோ என்ன ஆச்சோ என்று வெளியே ஓடிவருவார்கள். ஆகையால் பாவாயி வீட்டில் நடந்தது நடக்க ஆரம்பித்தபோது யாரும் வெளியே ஓடிவரவில்லை. அங்கே தறி நிற்கவே இல்லை. அதுதான் விசேஷம்.

பாவாயிக்கு முன்கட்டில் தறிகள், பின்கட்டில் வீடு, நடுவில் ஒரு நடை. தறிகளை ஓட்டுகிறவள் மருமகள் ரேணுகா, சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த பெண். மகன் சென்னியப்பன் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற ஆலையில் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வருவான், வந்து தின்றுவிட்டுப் படுப்பான், பேச்சு என்று ஒன்று அவனிடம் இருந்ததை வீதியில் பலபேர் கேட்டதில்லை. எங்கள் ஊர்த் தறிக்கு ஒரு முறை உண்டு. ஓட்டுகிறவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் வந்து தறிக்கு முன்னால் நிற்க வேண்டும், இழை அறுந்தால் பிடித்துக் கட்ட வேண்டும், குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும். அந்த ஆளுக்கு மாத்தாள் என்று பெயர். பாவாயிதான் மருமகளுக்கு மாத்தாள். ஆனால் பாவாயிக்கு முழங்கால் வலி, அதைவிட மனசும் வராது, ஆகையால் மத்தியானச் சாப்பாடு பொழுது சாய்கிற வரைக்கும் தள்ளித் தள்ளிப் போகும்.

அப்படித் தள்ளிப் போன ஒரு மத்தியானம், ரேணுகா வயிறு முதுகோடு ஒட்டி அறுந்த இழையைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தபோது, பின்கட்டில் பாவாயி வீட்டுக் கடுவன் பூனை தட்டில் ஊற்றிய பால்சோற்றை நக்கித் தின்றது. அது தின்னத் தின்ன இங்கே ரேணுகாவின் வயிறு நிறைந்தது. கடைசியில் கடுவன் தட்டை வழித்துவிட்டு மீசையைத் துடைத்தது, ரேணுகா தறிக்கு முன்னால் நின்று பால் வாசத்தோடு ஒரு ஏப்பம் விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. மின்னலும் இல்லை, இடியும் இல்லை, சாமியாடியும் வரவில்லை.

அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாள் ரேணுகா தன் தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றித் தின்று பார்த்தாள். நாக்குக்கு ருசி இருந்தது, தொண்டைக்குள் இறங்கியது, ஆனால் வயிற்றில் போய் விழவில்லை, சல்லடையில் ஊற்றின தண்ணீர் மாதிரி எங்கேயோ போய்விட்டது. சட்டிச் சோறு முழுவதையும் தின்றுவிட்டுப் பசியோடு எழுந்தாள். கடுவன் தின்றால்தான் அவளுக்குத் தின்ற கணக்கு. கடுவன் குடித்தால்தான் அவளுக்குத் தாகம் தீரும்.

"அத்தை, எனக்குப் பயமா இருக்குதுங்" என்றாள் ரேணுகா.

"பயப்படறதுக்கு என்ன இருக்குது? வயிறு ரொம்புதல்ல?" என்றாள் பாவாயி.

பக்கத்து வீட்டு மாராத்தாள் சேதி கேட்டதும் வந்து நடையில் உட்கார்ந்து, வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "அட, அப்ப உனக்கு மத்தியானத்துக்கு மாத்தாளே வேண்டாமே பாவாயி! குடுத்து வெச்சவ நீ!"

எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வீதிக்கே பொறாமையாகிவிட்டது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் பாவாயி வீட்டுத் தறி ஓடியது, சாப்பாட்டுக்கு நிற்கவில்லை, பலகாரத்துக்கு நிற்கவில்லை, நோம்பி பண்டிகைக்குக்கூட நிற்கவில்லை. ராத்திரி படுக்கும்போது ரேணுகா புருஷனிடம், "ஏனுங், எனக்குப் பசிக்குதுங்" என்று சொன்னால், சென்னியப்பன் புரண்டு படுத்துக்கொண்டு, "கடுவனக் கூப்புடு" என்பான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான்.

ஆனால் பால்சோறு எத்தனை நாளைக்கு? கடுவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. கடுவனுக்குக் கண்டால் ரேணுகாவுக்கும் கண்டது. தறியை விட்டுவிட்டு அவள் பின்பக்கம் ஓடுவதும் வருவதுமாக இருந்தாள், துணியில் ஊடை நூல் தப்பி ஓட்டை விழுந்தது. பாவாயிக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. துணியைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு ரோட்டில் கோழித்தீவனமும் மீன்தொட்டியும் விற்கிற ஜாபர் கடைக்குப் போனாள்.

ஜாபர் நல்ல மனுஷன். துணியைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், தலையை ஆட்டினார்.

"பூனைக்குப் பால் ஆகாதும்மா. சோறும் அதுக்குத் தீனியில்ல. அது கறி தின்ற சாதி. உலர் தீவனம் போடுங்க" என்றார்.

"எதுங்க நல்லது? வெலையும் எச்சா இருக்கக் கூடாது."

"ரொம்ப ஒசந்ததும் வேண்டாம், ரொம்பத் தாழ்ந்ததும் வேண்டாம். பையைத் திருப்புங்க. பின்னால என்னென்ன போட்டிருக்கான்னு எழுதியிருப்பான். மொதல்ல என்ன பேரு வருதோ அதுதான் நெறைய. மீனோ கோழியோ மொதல்ல வரணும். சோளம் மொதல்ல வந்தா வெச்சிட்டு வந்திருங்க. கலர் கலரா இருந்தா அது நம்ம கண்ணுக்குப் போட்டது, பூனைக்கு இல்ல. அளந்து விக்கிற சில்லறைத் தீவனம் காத்துப் பட்டுச் சிக்கு வாடை அடிச்சிரும். நல்ல தீவனம்னா கொஞ்சம் தின்னாலே போதும், மட்டமானதுன்னா ரெட்டிப்பாத் திங்கணும், அதனால மலிவுன்னு நெனைக்கிறது மலிவில்ல. பழசுல கொஞ்சம் கொஞ்சமாப் புதுசைக் கலந்து மாத்துங்க. பக்கத்துல எப்பவும் தண்ணி இருக்கட்டும்."

இவ்வளவையும் பாவாயி கேட்டாள். கேட்டு, நடுத்தரத்தில் ஒரு பை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பை ஓடின நாட்கள் ரேணுகாவுக்கு நல்ல நாட்கள். முகம் தெளிந்தது, கூந்தல் பளபளத்தது, கை வேகம் பிடித்தது, நெய்த துணியில் ஒரு குறை சொல்ல முடியாது. மாராத்தாள் வந்து அவள் கூந்தலைக் கையில் எடுத்து எடுத்துப் பார்ப்பாள். "என்ன புள்ள திங்கறே?" என்று அவளிடம் கேட்கமாட்டாள், பாவாயியிடம் திரும்பி, "என்ன பாவாயி போடறே?" என்பாள். "மீன் மொதல்ல வர்றது" என்பாள் பாவாயி, மருமகளுக்கு வைரத்தோடு போட்டவள் மாதிரி. வீதிப் பெண்கள் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, நடையில் கூடி, பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்து, எது எதற்கு நல்லது என்று வாதாடுவார்கள். ரேணுகா தறிக்கு முன்னால் நின்றபடி தன் வயிற்றுக்குள் போகப்போகிறதைப் பற்றி ஊரார் பேசுவதை, சத்தத்தில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

எதிர்வீட்டுத் தறிக்காரர் ஒருவர் தானும் ஒரு பூனையைக் கொண்டுவந்து கட்டிப் போட்டு, அதற்கு வயிறு முட்டத் தீவனம் போட்டுவிட்டு, தறி ஓட்டுகிற பெண்ணின் மத்தியானச் சோற்றை நிறுத்திப் பார்த்தார். அந்தப் பெண் மயங்கித் தறி மேலேயே விழுந்தாள். அவர் போய் அந்தப் பூனையைத் திட்டினார், "தின்னுபோட்டு என்ன பண்றே நீ?" என்று. பெண் பார்க்கப் போகிற இடங்களில், "பொண்ணுக்குப் பூனை ராசி இருக்குதுங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பூனையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துத் தீவனத்தைக் கொட்டி, அது தின்னும்போது பெண்ணின் முகத்தைப் பார்ப்பார்கள். சீர்வரிசையில் பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் தீவனப் பையும் ஏறிக்கொண்டது. கீழ்வீதியில் வயது தாண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், பூனை தின்கிற நேரம் பார்த்து வலிய ஒரு ஏப்பம் விட்டாள். அந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்தது. அவள் கதை வேறு கதை, நீளமில்லாத கதை.

பாவாயி கதைக்கு வருவோம். மனுஷ மனசு இருக்கிறதே, அது நன்றாக ஓடுகிற ஒன்றைப் பார்த்தால், இன்னும் குறைத்துக் கொடுத்தாலும் ஓடாதா என்றுதான் நினைக்கும். முதல் பை தீர்ந்ததும் பாவாயி ஜாபர் கடைக்குப் போகவில்லை. சந்தையில் திறந்த சாக்கில் வைத்துப் படியால் அளந்து விற்கிற தீவனத்தை வாங்கினாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பார்க்க அழகாக இருந்தது. பழையதோடு கலக்கவுமில்லை, தட்டில் அதையே கொட்டினாள்.

கடுவன் மோந்து பார்த்தது, போய்விட்டது. அன்றைக்கு முழுக்கத் தின்னவில்லை. மறுநாளும் தின்னவில்லை. பூனைக்கென்ன, அது ரோஷக்கார ஜீவன், கூரையில் போய்ப் படுத்துக்கொண்டது. கீழே ரேணுகாவுக்குத் தறியின் சட்டம் இரண்டாகத் தெரிந்தது. அவள் படியேறிப் போய்க் கூரைக்குக் கீழே நின்று, "சாமி, இறங்கி வா சாமி, ரெண்டு வாய் தின்னுரு சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வீதியில் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சோற்றுக்குப் பூனையிடம் பிச்சை கேட்கிறாளே என்று சிரித்தார்களே தவிர, ஒருவராவது ஒரு கருவாட்டுத் துண்டைக் கொண்டுவந்து கூரைமேல் எறியவில்லை. மூன்றாம் நாள் கடுவன் தோற்றது. இறங்கி வந்து கலர் தீவனத்தைத் தின்றது.

தின்றதும் தாகம் எடுக்கும் இல்லையா? உலர்ந்த தீவனம். கடுவன் தண்ணீர்ச் சட்டியைத் தேடும், குடிக்கும். கடுவன் குடித்தால் ரேணுகா தறியை விட்டு ஒன்றுக்கு எழுந்து போவாள், வருவாள். பாவாயி அதைப் பார்த்தாள். பார்த்து, தண்ணீர்ச் சட்டியை எடுத்துப் பரணில் கவிழ்த்தாள்.

கொஞ்ச நாளில் கடுவன் மூலைக்கு மூலை போய்க் குந்தி முக்கியது, ஒரு சொட்டு வரவில்லை, தீனமாகக் கத்தியது. முன்கட்டில் ரேணுகா தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தொடையை இறுக்கி, உதட்டைக் கடித்து, வியர்வை ஒழுக நின்றாள். பாவாயி பயந்துபோய்க் கடுவனைக் கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். மருமகளை அல்ல, கடுவனை.

"அடைச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா செத்திருக்கும்" என்றாள் டாக்டரம்மா. "தண்ணி வெக்கிறதில்லையா?"

"பூனைக்குத் தண்ணி வெச்சா எங்கூட்ல தறி நிக்குதுங்" என்றாள் பாவாயி.

டாக்டரம்மா வெளியூர்க்காரி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழாய் போட்டு எடுத்துவிட்டு, ஊசியும் போட்டு, தீவனத்தை மாற்றச் சொல்லி அனுப்பினாள். அந்த நேரத்துக்கு இங்கே ரேணுகா தறிக்கு முன்னாலேயே புடவை நனைய நின்றாள், அழுதாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுந்திருந்த இழையை எடுத்து முடிந்தாள். அதன்பிறகு பாவாயி பழைய நடுத்தரத் தீவனத்துக்கே வந்தாள், ஆனால் அளவைக் குறைத்தாள். தண்ணீரும் வைத்தாள், ஒரு டப்பா மூடியில்.

இப்படி இருக்கையில்தான் ரேணுகா முழுகாமல் இருந்தாள்.

ஜாபருக்குச் சேதி போயிற்று. பாவாயி கடைக்கு வந்தபோது அவர், "சினைப் பூனைக்கெல்லாம் நாங்க குட்டித் தீவனந்தான் சொல்லுவோம். சத்து ஜாஸ்தி. இந்தாங்க, இது மீனு மொதல்ல, கோழி ரெண்டாவது. கொஞ்சம் வெலைதான். ஆனா உள்ள ஒரு உசுரு இருக்கில்ல" என்றார். பாவாயி அந்தப் பையைக் கையில் வாங்கிக் கனம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

ரேணுகா அதுவரைக்கும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. அன்றைக்குத் தறியை விட்டு நடைக்கு வந்து, மாமியார் முன்னால் நின்று, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, அந்தக் குட்டித் தீவனம் வாங்கிப் போடுங்கத்தை. எனக்கில்ல. உள்ள இருக்கறதுக்கு. அது எட்டி எட்டி ஒதச்சுப் பாத்துட்டு அடங்கிப் போகுதுங். வெறும் வயித்துல கெடக்குதுங் அது."

பாவாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் புள்ள, கடுவனா முழுகாம இருக்குது?"

மாராத்தாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சுவரில் தெறித்தது. அந்தப் பேச்சு வீதி முழுக்கப் போயிற்று. பல நாள் வரைக்கும் பிள்ளைகள்கூட ஒருவரைப் பார்த்து ஒருவர், "கடுவனா முழுகாம இருக்குது?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு ஓடின.

மாதம் நிறைந்து வந்தது. முறைப்படி ரேணுகாவின் அம்மா அங்கம்மாள் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று கட்டிக்கொண்டு வந்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, ஊட்டி, வீதிக்கும் போட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கம்மாள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தாள். மகள் போனில் சொன்னதை அவள் பாதிதான் நம்பியிருந்தாள். மகளின் கன்ன எலும்பைப் பார்த்ததும் புளிச்சோற்றை உருட்டி அவள் வாயில் வைத்தாள். ரேணுகா மென்றாள், விழுங்கினாள். இன்னொரு உருண்டை. இன்னொரு உருண்டை.

"ரொம்புதா கண்ணு?"

"உன்ற கை ருசிதாம்மா. ஆனா ரொம்பலீம்மா."

அங்கம்மாள் எழுந்து போய், அதே இலையைத் தூக்கிக் கடுவனுக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கடுவன் புளிச்சோற்றை மோந்து பார்த்தது, தன் கழிவை மண் தள்ளி மூடுகிற மாதிரி முன்னங்காலால் தரையை நாலு தடவை பிறாண்டியது, வாலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பந்தியில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார்கள்.

"சம்மந்தியம்மா, புள்ளையோட பூனையையும் குடுத்தனுப்புங்க. பேறு முடிஞ்சதும் ரெண்டையும் கொண்டாந்து உட்டர்றோம்" என்றாள் அங்கம்மாள்.

"பொண்ணு உங்குளுது, கூட்டிட்டுப் போங்க, நான் வேண்டாம்னு சொல்லல. பூனை எங்கூட்டுது" என்றாள் பாவாயி.

"அப்ப நேரா நேரத்துக்கு அதுக்குத் தீவனமாவது..."

"அங்க காலை நீட்டி உக்காந்திருக்கறவளுக்கு இங்க நான் எதுக்குங்க தீவனம் போடோணும்?"

பந்தியில் சென்னியப்பன் இருந்தான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் இலையில் இருந்த எலுமிச்சஞ்சோற்றில் கடலைப்பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் தறிச் சங்கத்துத் தலைவர் அர்த்தநாரியை வைத்துப் பேசினார்கள். அவர் நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"வாயில்லா ஜீவன். அதைக் கட்டியும் கொண்டுபோகக் கூடாது, அடைச்சும் வெக்கக் கூடாது. புள்ள மடியில ஏத்தி உட்டரலாம். அது தன்னால போனா அங்க போகட்டும். தன்னால எறங்குனா இங்கயே இருக்கட்டும். யாரும் கை வெக்கக் கூடாது. சரிதானுங்களே?"

சரிதான், சரிதான் என்றது வீதி. இதைவிட நியாயம் எங்கே கிடைக்கும்?

ரேணுகா வேனில் ஏறி உட்கார்ந்தாள். கடுவன் அவள் மடியில் ஏறி, மேடிட்ட வயிற்றோடு ஒட்டிச் சுருண்டு, கண்ணை மூடியது. அவளை அதற்குப் பிடிக்கும். அவள் மூச்சைக்கூட மெல்ல விட்டாள். அங்கம்மாள் பக்கத்தில் ஏறிக் கதவை இழுக்கப் போனாள். "கதவச் சாத்துனா அடைச்ச மாதிரி ஆயிருமில்ல?" என்றார் அர்த்தநாரி. கதவு திறந்தே இருந்தது. டிரைவர் இன்ஜினைப் போட்டான்.

பாவாயி கத்தவில்லை, மறிக்கவில்லை. உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பை இருந்தது. குட்டித் தீவனம், மீன் முதலில், கோழி இரண்டாவது. அன்றைக்குக் காலையில்தான் ஜாபர் கடையில் வாங்கி வைத்திருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பையின் வாயைப் பல்லால் கடித்துக் கிழித்து, தட்டில் சலசலவென்று கொட்டினாள். மீன் வாசம் வீதியைத் தாண்டி வேனுக்குள் வந்தது.

கடுவன் கண்ணைத் திறந்தது. ரேணுகா அதன் காதோரம் குனிந்து, "போகாத சாமி" என்றாள். கையை வைக்கக் கூடாது என்பதால் இரண்டு கையையும் மேலே தூக்கியே வைத்திருந்தாள். கடுவன் எழுந்து, முதுகை வில்லாக வளைத்துச் சோம்பல் முறித்து, அவள் முழங்காலில் ஒரு கால் வைத்து, இறங்கி, நடந்து போய்த் தட்டில் வாயை வைத்தது.

அது கடிக்கக் கடிக்க வேனுக்குள் இருந்த ரேணுகாவுக்கு வயிறு நிறைந்தது. இத்தனை மாதத்தில் அப்படி நிறைந்ததில்லை. கைகால்களில் சூடு ஏறியது. உள்ளே கிடந்தது விழித்துக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டது.

"என்ன கண்ணு, என்ன பண்ணுது?" என்று கேட்டாள் அங்கம்மாள்.

"நல்லா இருக்குதும்மா" என்றாள் ரேணுகா. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "நல்ல தீவனம்மா."

சொல்லிவிட்டு அவளே இறங்கினாள். வீதி முழுக்கப் பாவாயியைப் பார்த்தது. "பாத்தீங்களா, மருமவளுக்குன்னு ஒசந்ததாவே வாங்கி வெச்சிருக்கறா. ஆரு செய்வா இந்தக் காலத்துல?" என்றாள் மாராத்தாள், மெய்யாகவே கண் கலங்கி. பாவாயி தட்டைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "ரொம்பிருச்சில்ல? பொறகென்ன, தறி நிக்குது." அங்கம்மாள் காலிப் பாத்திரங்களோடு போனாள்.

அந்தப் பையில் மீதியிருந்ததை அன்றைக்குப் பொழுதோடயே பாவாயி ஜாபர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். வாய் கிழிந்த பையை எப்படி எடுக்கிறது என்று ஜாபர் மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே போட்டாள், சபித்துச் சபித்துப் போட்டாள், அதைத் தின்று கடுவன் கொழுத்தது, பை அடிக்கு வருகிற சமயத்தில் ரேணுகாவுக்குப் பெண் பிறந்தது. தறிக்குப் பக்கத்திலேயே, நடையில், மாராத்தாள் கையில்.

பிறந்ததும் அழுதது. துடைத்துப் படுக்க வைத்தும் அழுதது. வீதிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாவாயி ஓடிப்போய்த் தட்டில் ஒரு கை தீவனத்தைக் கொட்டினாள். கடுவன் தின்றது. பிள்ளை அழுதது. இன்னொரு கை கொட்டினாள். கடுவன் அதையும் தின்றுவிட்டு, வயிறு உப்பி, நகர்ந்து போய்ப் படுத்துக்கொண்டது. பிள்ளை முகம் சிவந்து, கையை முறுக்கி, வாயைத் திறந்து திறந்து, தறிச் சத்தத்துக்கு மேலே போய் அழுதது.

"என்னடி இது, அடங்க மாட்டீங்குது?" என்றாள் பாவாயி. "கடுவனுக்கு வயிறு வெடிக்கற மாதிரி இருக்குது, இதுக்கு என்ன கேடு?"

"பசிக்குதுங்கத்தை" என்றாள் ரேணுகா. பாயில் கிடந்தபடி அவள் பிள்ளையை உடனே தூக்கவில்லை. அது அழுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

பாவாயி வெறும் தட்டோடு நின்றாள். "அப்ப இதுக்கு வேற தனியாச் சோறு போடோணுமா?"

ரேணுகா பிள்ளையை எடுத்து மார்பில் வைத்தாள். அது முட்டித் தேடிக் கவ்வி, வலிக்க வலிக்க உறிஞ்சியது.

"ஆமாங்கத்தை" என்றாள். "தனியாத்தானுங்."